பலகை அடித்த ஜன்னல்

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் நடக்கும். அந்த அறைக்கு நான்கு ஜன்னல்கள். ரோட்டுப் பக்கம் இரண்டு, வயல் பக்கம் இரண்டு. ரோட்டுப் பக்கத்து ஜன்னல்களை யாரும் திறப்பதில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் அந்த வழியாக ஓயாமல் போகும். திறந்து வைத்தால் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பிள்ளைகளின் தலை நரைத்துவிடும். அது பழகிப்போன விஷயம். வயல் பக்கத்து ஜன்னல்களை நம்பித்தான் அந்த அறை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவற்றின் கதவுகளைக் கரையான் தின்று வெகுநாளாயிற்று. வெறும் கம்பிதான். சாரல் வரும், ஓணான் வரும், எருமை வந்து எட்டிப் பார்க்கும். காற்றும் வரும்.

2006-ஆம் வருஷம் மே மாதத் தேர்தலில் அந்த இரண்டையும் அடைத்தார்கள்.

பெண்கள் ஓட்டுப் போட அந்த அறையைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். ஓட்டுப் போடும் மறைப்பு வயல் பக்கத்துச் சுவரோரம். ஜன்னல் வழியாக யாராவது எட்டிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று முந்தின நாள் சாயங்காலம் வந்த அதிகாரிகள் சத்தம் போட்டார்கள். தலையாரி அரியமுத்து ஓடிப்போய் எங்கிருந்தோ பலகைகளைத் தூக்கிவந்து, இரண்டு ஜன்னல்களையும் வெளியிலிருந்து ஆணி அடித்து மூடினார். ஒரு தாளில் வட்ட முத்திரை குத்தி, உள்பக்கம் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு அந்தப் பலகையின்மேல் ஒட்டினார்கள். மறுநாள் ஓட்டுப் போட்டோம். அதிகாரிகள் எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்கள். பலகை அங்கேயே நின்றுவிட்டது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோதும் நின்றது.

அந்த அறையை ஒட்டித்தான் சத்துணவுச் சமையலறை. என் அம்மா ஆண்டாயி அங்கே சமையல்காரி. உதவியாள் இடம் காலியாகவே கிடப்பதால் கூடமாட வேலை செய்ய நான் போவேன். நான் கலைமணி, ஒன்பதாவதோடு நின்றவள். அம்மாவுக்கு ஆள் இல்லை என்பதால் நின்றேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறோம். அதில் பாதிதான் உண்மை. வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். தெரிந்த பதிலும் வராது. அடி வாங்குவேன். ஒருநாள் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

சமையலறைக்கும் வகுப்புக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது. இரண்டுக்கும் மேலே ஒரே ஓட்டுக் கூரை. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அந்த வழியாக வாய்ப்பாடு எங்கள் பக்கம் வரும். எங்கள் புகை அந்தப் பக்கம் போகும். முன்பெல்லாம் போன புகை வயல் பக்கத்து ஜன்னல் வழியே வெளியேறிவிடும். இப்போது போன புகை அங்கேயே குடியிருந்தது.

என் தங்கை வெற்றிச்செல்வி அந்த அறையில் ஐந்தாம் வகுப்பு. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. வருஷத்துக்கு ஒருமுறை வரும், போகும். பலகை அடித்த வருஷம் ஜூலையில் ஒருமுறை வந்தது, ஆகஸ்டில் இரண்டு முறை. சுவருக்கு இந்தப் பக்கம் அரிசி களைந்துகொண்டே நான் இருமல்களைக் கேட்பேன். நாற்பத்தாறு பிள்ளைகளில் எந்த இருமல் அவளுடையது என்று எனக்குத் தெரியும். மற்ற பிள்ளைகள் இருமி முடித்துவிடுவார்கள். அவள் முடிக்க மாட்டாள்.

ஒருநாள் அம்மா தலைமையாசிரியர் பாலசுந்தரம் சாரிடம் போய்ச் சொன்னாள். சார் தன் மேஜையை வராந்தாவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே உட்கார்ந்தால் அவருக்குக் கண் எரிகிறதாம். பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்துவிடுவார்.

"சார், அந்தப் பலகைய எடுத்துட்டா புகை வெளிய போவுங்க சார். புள்ளைங்க இருமிக்கிட்டே கெடக்குது."

"அது யாரு அடிச்சது ஆண்டாயி?"

"தலையாரிங்க."

"தலையாரி அவரு இஷ்டத்துக்கு அடிச்சாரா? எலக்சன் ஆபீசர் சொல்லி அடிச்சாரு. உள்ள முத்திரை ஒட்டியிருக்கு பாத்தியா? அதுமேல நான் கைய வச்சா நாளைக்கு என்னையத்தான கேப்பாங்க? ஒன்னையவா கேப்பாங்க?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அதோட அக்டோபர்ல பஞ்சாயத்து எலக்சன் வருது. இப்ப புடுங்கி அப்ப மறுபடி அடிக்கிறதா? ஜன்னல் சட்டம் வேற உளுத்துக் கெடக்கு. வுடு, கொஞ்சம் பொறுத்துக்க."

பொறுத்துக்கொண்டது அம்மா இல்லை, சாரும் இல்லை. பத்து வயதுப் பிள்ளைகள் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்த முத்திரைத் தாளை நான் படித்திருக்கிறேன். சாயங்காலம் அறையைக் கூட்டப் போகும்போது கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனையோ முறை படித்தாயிற்று. 'வாக்குச்சாவடி எண் 87, பெண்கள்' என்றுதான் அதில் இருந்தது. திறக்கக் கூடாது என்றோ தொடக் கூடாது என்றோ ஒரு வார்த்தை கிடையாது. இதை அம்மாவிடம் சொன்னேன்.

"நீ ஒம்பதாவதுல நின்னவ. அவரு எவ்வளவு படிச்சவரு. அவருக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

அவர் படிக்கவில்லை, முத்திரையை மட்டும்தான் பார்த்தார் என்று அம்மாவுக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

அந்த வருஷம் ஊரெல்லாம் மூட்டுவலிக் காய்ச்சல் வேறு. கொசுவால் வருகிறது என்று சொன்னார்கள். உடனே சாருக்கு ஒரு யோசனை வந்தது. காலையில் மணி அடித்ததும் வகுப்பின் நடுவில் ஒரு சட்டியில் நெருப்பு அள்ளிவரச் சொல்லி வேப்பிலையைப் போட்டுக் கொசுவுக்குப் புகை போட்டார். நெருப்பு எங்கள் அடுப்பிலிருந்துதான். நான்தான் அள்ளிக் கொடுப்பேன். வேண்டாம் சார் என்று சொல்ல வாய் திறப்பேன். தொண்டை அடைத்துக்கொள்ளும். சட்டியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். பத்து மணி வரை வேப்பம் புகை. பத்து மணிக்கு மேல் எங்கள் அடுப்புப் புகை. கொசு என்னவோ பெஞ்சுக்கு அடியில் சௌக்கியமாகத்தான் இருந்தது.

அக்டோபரில் பஞ்சாயத்துத் தேர்தலும் முடிந்தது. பலகை நல்லபடியாக உதவியது. அம்மா மறுபடி போய்க் கேட்டாள்.

"இனிமே இடைத்தேர்தலு வராதுன்னு நீ எழுதிக் குடுப்பியா?" என்றார் சார்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. விறகு நனைந்துவிட்டது. சீமைக்கருவேல விறகு ஈரமாக இருந்தால் எரியாது, அழும். அன்றைக்கு நான் ஊதுகுழலை வைத்து ஊதிக்கொண்டிருந்தேன். புகை சுருள் சுருளாகச் சுவரைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கம் பிள்ளைகள் ஒரே குரலில் நதிகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் வெற்றியின் இருமல் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. அதுதான் பயம். இருமுகிற வரை மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். நான் குழலைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தோளை மேலே மேலே தூக்கிக்கொண்டிருந்தாள். உதடு நாவல் பழம் தின்றவள் மாதிரி இருந்தது.

அரியலூர் போகிற கல் லாரி ஒன்றை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனோம். பெரிய ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடியை வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். புகையால் வந்ததற்குப் புகையே மருந்து. டாக்டர் என்னைப் பார்த்து, "வூட்டுல யாரு பீடி குடிக்கிறா?" என்று கேட்டார். யாரும் இல்லை, பள்ளிக்கூடத்தில்தான் புகை என்று சொல்ல வேண்டும். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என்ன எழுதிக்கொண்டாரோ.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வெற்றி அம்மாவின் மடியில் தூங்கினாள். அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பொங்கலு வரைக்கும் பாப்பேன். இன்னொரு தடவ இப்புடித் தூக்கிட்டு ஓட வச்சா, பள்ளிக்கூடம் வேணாம். உசுரோட கெடக்கட்டும். நீ நின்ன மாரி அவளும் நின்னுட்டுப் போறா."

என்னைப்போல் அவளும் நிற்பாளாம். வெற்றிக்குத் தொண்டை அடைப்பது கிடையாது. கேட்காத கேள்விக்கும் எழுந்து பதில் சொல்கிறவள். அவளுக்கு அடைத்ததெல்லாம் மூச்சு மட்டும். அதுவும் இரண்டு பலகைகளால்.

அடுத்த வாரம் கிராமச் சுகாதார நர்ஸ் நஃபீசா அக்கா பள்ளிக்கு வந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். வெற்றி கிடந்த கிடப்பை ஆஸ்பத்திரியில் கேள்விப்பட்டிருக்கிறார். நேராக வகுப்புக்குள் போனார். போன வேகத்தில் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"யா அல்லா! என்ன சார் இது, கருவாடு சுடுற எடமா?"

"கொசுவுக்குப் போட்டதும்மா. ஒங்க டிபார்ட்மெண்டுதான கொசுவ ஒழிக்கச் சொல்லுது?"

"கொசுவ ஒழிங்க. புள்ளைங்கள எதுக்கு ஒழிக்கிறீங்க? இப்ப எண்ணிட்டு வந்தேன். பத்தொம்பது புள்ளைங்க இருமுது. ஒரு புள்ளைக்குச் சளி புடிச்சா, அது வுட்ட மூச்சத்தான மத்த நாப்பத்தஞ்சும் நாளு முச்சூடும் இழுக்குது? எங்க போவும் அந்தக் காத்து? அந்த ஜன்னலு ரெண்டையும் தெறந்து வுடுங்க சார். பாதி வியாதி தன்னால போயிரும்."

"டவுன்ல ஏசி ரூம்ல எல்லாரும் மூடித்தான வச்சிருக்காங்க? அவங்கல்லாம் செத்தா போயிட்டாங்க?"

"எங்கண்ணன் உபைத் துபாய்ல ஏசி ரூம்லதான் இருக்கான் சார். ஆனா அவன் தலைமாட்டுல நாப்பத்தாறு பேருக்குச் சோறு வேவலையே!"

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சார் சிரிக்கவில்லை. முத்திரையைப் பற்றிச் சொன்னார். எழுத்து மூலமாக உத்தரவு வந்தால் அந்த நிமிஷமே திறக்கிறேன், எனக்கென்ன ஆசையா என்றார். நஃபீசா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். போகிற வழியில் சமையலறையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"எழுத்துலதான் வேணுமாம். எழுதிப் போடுங்களேன் யாராச்சும். திங்கக்கெழம பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குறாங்க. வேப்பிலைப் புகைய மட்டும் நான் நிப்பாட்டிட்டேன். இனிமே நெருப்பு அள்ளிக் குடுக்காத."

பெரம்பலூருக்குப் போய் வரிசையில் நின்று ஒரு அதிகாரி முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. ஆனால் எழுத வரும். எழுதினேன். நாலு முறை எழுதிக் கிழித்து ஐந்தாவது முறை சரியாக வந்தது. யார் பெயரில் அனுப்புவது? அம்மா பெயரில் போட்டால் வேலை போகும். பெயர் போடாவிட்டால் மொட்டைக் கடிதம் என்று குப்பையில் போடுவார்கள். வெற்றி எட்டிப் பார்த்தாள்.

"எம் பேரப் போடுக்கா. எனக்குத்தான மூச்சு முட்டுது?"

சொல்லிவிட்டுப் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். 'ஆ. வெற்றிச்செல்வி, ஐந்தாம் வகுப்பு'. தபாலில் போட்டேன்.

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். அம்மா அவளை இரண்டு நாள் அனுப்புவாள், ஒருநாள் நிறுத்துவாள். மழை நாளில் அனுப்பவே மாட்டாள். வீட்டில் உட்கார்ந்து வெற்றி என்னைத் திட்டுவாள், நான் என்னமோ கலெக்டர் மாதிரி.

மார்கழி பிறந்து ஏழெட்டு நாள் இருக்கும். நான் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். தலையாரி அரியமுத்து சமையலறை வாசலில் வந்து சைக்கிளை நிறுத்தினார். அம்மா அவரை அண்ணே என்று கூப்பிடுவாள். அதனால் எனக்கு மாமா. கையில் பழுப்பு நிற உறை.

"ஹெட்மாஸ்டரு எங்க பாப்பா?"

"மீட்டிங்கு. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துருவாங்க."

"அதுவரைக்கும் நான் எங்க நிக்கிறது? தாலுக்காவுலேருந்து வந்த தபாலு, கையில குடுத்துக் கையெழுத்து வாங்கணுமாம்." அவர் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்தார். "என்ன எளவு எழுதியிருக்குன்னு தெரியல. கிராம ஆபீசரு சிரிச்சிக்கிட்டே குடுத்தாரு. எங்கண்ணாடி ஒடஞ்சு ஒரு மாசமாச்சு. கவரு ஒட்டலதான், நீதான் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

பிரித்தேன். என் எழுத்து!

பெரம்பலூர் போய் ஒரு நம்பர் வாங்கி, அங்கிருந்து தாலுக்கா ஆபீஸ் போய் இன்னொரு நம்பர் வாங்கி, வருவாய் ஆய்வாளரிடம் போய், கிராம நிர்வாக அலுவலரிடம் போய், ஆளுக்கொரு முத்திரை குத்தி, அந்தப் பலகையிலிருந்து பத்தடி தள்ளி வந்து சேர்ந்திருந்தது. எல்லா முத்திரைக்கும் கீழே 'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுதியிருந்தது. நாலு ஆபீசில் ஒருவருக்குக்கூட, இரண்டு பலகைகளைக் கழற்று என்று எழுதக் கை வரவில்லை.

வாசித்தேன். "எங்கள் வகுப்பறையில் காற்று வரும் ஜன்னல்கள் இரண்டும் கடந்த தேர்தலின்போது பலகையால் அடைக்கப்பட்டு, இன்றுவரை திறக்கப்படாததால், சமையலறைப் புகை வெளியேற வழியின்றி மாணவ மாணவியர் சுவாசிக்க இயலாமல்..."

"நிறுத்து, நிறுத்து. எந்தப் பலகை?"

"அந்த ஜன்னல்ல நீங்க அடிச்சது மாமா."

அவர் விறகிலிருந்து எழுந்துவிட்டார். "அடிப்பாவி மவளே, அது எம் பலகை!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்கன்னுக்குட்டித் தொழுவத்துக் கதவு பாப்பா அது. ரெட்டைக் கதவு. எலக்சன் ஆபீசரு அந்தி நேரத்துல வந்து, இப்பவே அடைங்கறாரு. பலகைக்கு நான் எங்க போறது? வூட்டுக்கு ஓடித் தொழுவத்துக் கதவப் பேத்துத் தூக்கியாந்து அடிச்சேன். ஒரு நாளைக்குத்தானன்னு அடிச்சேன். ஏழு மாசமாச்சு! எம்பொண்டாட்டி முத்தாயி தெனமும் காலையில எந்திரிச்சு என் மொகத்தப் பாத்தா கதவு எங்க, கதவு எங்கங்குறா. சாக்கு கட்டித் தொங்க வுட்டுருக்கேன். கன்னுக்குட்டி அதத் தின்னுப்புடுச்சு."

"எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல மாமா?"

"எப்புடி எடுக்கறது? உள்ள முத்திரை ஒட்டியிருக்கே! ஹெட்மாஸ்டரு படிச்சவரு, அவரே தொடாம வச்சிருக்காரு. ஏதோ கவருமெண்டு சமாச்சாரம் இருக்கும்போலன்னு நானும் கம்முன்னு இருந்துட்டேன். அவரு சொன்னா எடுக்கலாம்னு நானு இருக்கேன்."

நான் மனுவை மடித்து உறைக்குள் வைத்தேன். சார் எடுக்கவில்லை, ஏனென்றால் தலையாரி அடித்தது. தலையாரி எடுக்கவில்லை, ஏனென்றால் சார் எடுக்கவில்லை. ஒரே தெருவில் ஏழு மாதமாக எதிரும் புதிருமாக வணக்கம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்கள். நடுவில் என் தங்கைக்கு உதடு நீலமாகியிருக்கிறது.

"இது யாரு எழுதுனது?" என்றார் திடீரென்று.

"வெற்றி."

"அஞ்சாவது படிக்கிற புள்ளையா 'இயலாமல்'னு எழுதுது?" என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்து கத்தரிக்காயை அரிந்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சார் வந்ததும் மாமா உறையைக் கொடுத்தார். சார் முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெற்றியின் பெயரையும் பார்த்தார். முகம் சுண்டிப்போனது.

"ஆண்டாயி மவளா? என்மேலயே மனு போடுற அளவுக்கு ஆயிருச்சா?"

அன்றைக்கு வெயில் அடித்ததால் வெற்றி பள்ளிக்கு வந்திருந்தாள். உள்ளேயிருந்து அவள் இருமல் கேட்டது. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. புகை போய்க்கொண்டேதான் இருந்தது.

"சார், உத்தரவு வந்துருச்சுல்ல. கழட்டிப்புடவா?" என்றார் அரியமுத்து.

"எங்க உத்தரவு? 'உரிய நடவடிக்கை'ன்னுதான போட்டுருக்கு? உரிய நடவடிக்கைன்னா எது? தெறக்குறதா, தெறக்காம வைக்கிறதா? வெளக்கம் கேட்டு நான் ஒரு லெட்டரு போடணும்."

"அது என் தொழுவத்துக் கதவுங்க சார்."

"என்னது?"

"என் சொந்தக் கதவுங்க. எலக்சனுக்குக் கொண்டாந்து அடிச்சது."

சாருக்கு எந்தப் பேச்சிலும் ஒரு முடிச்சு கிடைத்துவிடும். "உன் கதவுன்னு எப்புடி நம்புறது? நாளைக்குத் தேர்தல் பலகையக் காணோம்னு எவனாவது வந்து கேட்டா? ஏதாச்சும் அடையாளம் இருக்கா?"

"இருக்குங்க. கீலு அறஞ்ச தழும்பு இருக்கும். நாலு நாலு ஓட்டை. எங்கப்பன் அறஞ்சது."

சார் எழுந்து வயல் பக்கம் போய்ப் பார்த்தார். அரியமுத்துவும் போனார். நான் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு தழும்பையும் காணோமே!"

"அது ஓரத்துல சார். சட்டத்தோட ஒட்டி அடிச்சதுல மறஞ்சு போச்சு. அந்தப் பக்கம் திரும்பியிருக்கு."

"அப்ப அடையாளம் தெரியல. தெரியாத வரைக்கும் அது கவர்மெண்டுப் பலகைதான். நான் லெட்டரு போடுறேன், பதிலு வரட்டும்." சார் திரும்பி நடந்தார்.

உள்ளே வெற்றியின் இருமல் நின்றது.

"கழட்டிப் பாத்தாத்தான சார் தெரியும்?"

யார் பேசியது என்று சார் சுற்றுமுற்றும் பார்த்தார். நானும் பார்த்தேன். என் குரல்தான். எனக்குத் தொண்டை அடைக்கவில்லை. அடைக்க நேரமில்லை. "கழட்டிப் பாக்கட்டும் சார். தழும்பு இருந்தா அவரு கதவு. இல்லாட்டி நீங்களே மறுபடி அடிச்சுருங்க. ஆணியெல்லாம் நான் பத்திரமா எடுத்து வக்கிறேன். அதுக்கப்புறம் லெட்டரு போடுங்க. 'வாக்குச்சாவடி எண் 87, பெண்கள்'னுதான் சார் அந்தத் தாளுல இருக்கு. வேற ஒன்னுமே இல்ல. போயிப் படிச்சுப் பாருங்க."

சார் வாயைத் திறந்தார். அதற்குள் நான் விறகு பிளக்கும் கோடரியை எடுத்துவந்து மாமாவின் கையில் கொடுத்துவிட்டேன்.

கோடரி முனையைச் சந்தில் விட்டு நெம்பினார். உளுத்த சட்டம், ஆணி கிறீச்சென்று கத்திக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் விட்டதும் மறுபக்கம் தானாகப் பெயர்ந்து பலகை அவர் காலடியில் விழுந்தது. முதலில் வெளியே வந்தது புகை. ஜன்னல் முழுக்க, கம்பிக்குக் கம்பி, சாம்பல் நிறமாகப் குபுகுபுவென்று வந்துகொண்டே இருந்தது. வயலில் புல் அறுத்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் அக்கா நிமிர்ந்து பார்த்துக் கத்தினார்.

"ஐயையோ! பள்ளிக்கூடம் தீப்புடிச்சிருச்சா?"

"தீயெல்லாம் இல்ல. பாடம் நடக்குது," என்றார் மாமா.

சார் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றார். வராந்தாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எவ்வளவு என்று அதுவரை தெரியாது. புகைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளின் முகங்கள் தெரிந்தன. நடுவில் வெற்றி, கம்பிகளுக்கு நடுவே மூக்கை வைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். தோள் ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. பிறகு ஒரு இருமல் வந்தது. எனக்கு உயிர் வந்தது.

மாமா பலகையைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் துரு படிந்து நாலு ஓட்டைகள்.

"சரி," என்றார் சார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஒன்னு உன்னதுதான்."

"ரெட்டைக் கதவுங்க சார். ஒத்தக் கதவ வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

இரண்டாவதையும் கழற்றினார். அன்றைக்குச் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. ஒரு பிள்ளையும் குறை சொல்லவில்லை.

கதவு போன மூன்றாம் நாள் சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தாலுக்காவுக்குப் பதில் எழுத வேண்டுமாம். என் எழுத்து நன்றாக இருக்கிறதாம். வெற்றியின் மனுவில் பார்த்தாராம். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'தலைமையாசிரியரின் இடைவிடாத முயற்சியால் வகுப்பறைக்குப் போதிய காற்றோட்டம் ஏற்படுத்தப்பட்டு, மாணவர்களின் உடல்நலம் பேணப்பட்டு வருகிறது.' பேனாவை உடைத்துவிடலாம் போல் இருந்தது. உடைக்கவில்லை. அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது கீழே இன்னும் ஒரு வரி எழுதினேன். 'சமையலறைச் சுவருக்கு மேல் உள்ள இடைவெளியை அடைக்கச் செங்கலும், சமையலறைக்குப் புகைபோக்கியும் உடனடியாகத் தேவை.'

சார் வந்து தாளை வாங்கி, முத்திரையை எடுத்து ஊதிக் குத்தி, வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

பொங்கல் வந்தது, போனது. விடுமுறை முடிந்த அன்று காலையில் அம்மா வெற்றிக்குத் தலை பின்னிவிட்டாள், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் திறந்து இன்றோடு பதினாறு நாள். வெற்றி ஒருநாள்கூட நிற்கவில்லை. இருமல் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் இருமினால் முடிக்கிறாள். அவள் இடம் இப்போது ஜன்னலோரம். எருமையை வேடிக்கை பார்க்கிறாள் என்று தினமும் திட்டு வாங்குகிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கிறது.

செங்கல் இன்னும் வரவில்லை. மாமாவைப் பார்க்கும்போதெல்லாம் தபால் உண்டா என்று கேட்கிறேன். போன வாரம் ஒன்று வந்ததாம். அதில் 'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுதியிருந்ததாம். நாளைக்கு இன்னொன்று எழுத வேண்டும்.